கையெழுத்துப் பலகை போதாது: கடலூர், புதுச்சேரி கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும், விடுதிக் காப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

புதிய கல்வியாண்டுக்கான நாட்காட்டி இந்நேரம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். ஜூன் 26 போதைப்பொருள் எதிர்ப்பு நாள், ஆகஸ்டில் ராகிங் எதிர்ப்பு வாரம், டிசம்பர் 1 எய்ட்ஸ் நாள், ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று வரிசையாகக் குறித்திருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் சடங்கு ஒன்றேதான். கலையரங்கில் ஃபிளெக்ஸ் பேனர், சிறப்பு விருந்தினராக இன்ஸ்பெக்டரோ டாக்டரோ, அவருக்கு ஒரு சால்வை, நாற்பது நிமிடப் பேச்சு, வலது கையை நீட்டி உறுதிமொழி, வெளியே பலகையில் கட்டிய வெள்ளைத் துணியில் ஸ்கெட்ச் பேனாவால் கையெழுத்து. மறுநாள் உள்ளூர்ப் பதிப்பில் படம். கையெழுத்துப் போட்ட கையோடு ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு மாணவன் அதே வாசல் வழியாக வண்டியில் போவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நான் கடலூரில் இருந்துகொண்டு இரு பக்கத்துக் கல்லூரிகளிலும் மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை சொல்லி வருபவள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த நாட்களில் பேச்சைக் குறையுங்கள். ஆபத்து எதிரே வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதை மாணவர்கள் செய்து பழக இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பது தெரியாத மாணவன் உங்கள் கல்லூரியில் ஒருவன்கூட இருக்க மாட்டான். ஹெல்மெட் உயிர் காக்கும் என்பதும், அலை சீறும்போது கடலில் இறங்கக் கூடாது என்பதும் அப்படித்தான். கட்டுரைப் போட்டி வைத்தால் பிரமாதமாக எழுதிப் பரிசும் வாங்குவார்கள். தெரிந்த விஷயத்தை மறுபடி மறுபடி சொல்வதால் ஆவதென்ன? அவர்களுக்குத் தெரியாதது வேறு. நண்பன் வண்டியை முறுக்கிக்கொண்டு “ஏறுடா” என்னும்போது எந்த வார்த்தையைச் சொல்வது, எந்தப் பக்கம் நகர்வது, அவன் கோபித்துக்கொண்டால் அடுத்து என்ன செய்வது என்பதை இதுவரை யாரும் அவர்களுக்குச் செய்து காட்டியதில்லை.

இதற்கென்றே உளவியலில் ஒரு முறை இருக்கிறது. நடத்தைத் திறன் பயிற்சி என்பார்கள். நான்கே படிகள். என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்வது, செய்து காட்டுவது, எதிரே இருப்பவரைச் செய்ய வைப்பது, எது சரி எது சரியில்லை என்று அங்கேயே சொல்லி மறுபடி செய்ய வைப்பது. சிலம்ப ஆசான் செய்வதும் இதுதானே? கம்பைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டுக் கடைசியில் உறுதிமொழி வாங்கிக்கொண்டு அனுப்பும் ஆசானை நான் பார்த்ததில்லை.

இந்த முறை எங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். 1981-ல் அமெரிக்காவில் பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு, முன்பின் தெரியாதவர் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதை இப்படிப் பழக்கினார்கள். பிறகு தேர்வுத்தாள் கொடுக்கவில்லை. பயிற்சி என்று தெரியாதபடி உண்மையிலேயே ஒரு புதியவரை அனுப்பி, குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். பின்னாளில் ரேமண்ட் மில்டன்பர்கர் என்ற நடத்தை உளவியலாளரும் அவர் குழுவினரும் துப்பாக்கியை வைத்து இதே சோதனையைச் செய்தார்கள். கீழே கிடக்கும் துப்பாக்கியைத் தொடாதே, அங்கிருந்து விலகு, பெரியவரிடம் சொல் என்பதுதான் பாடம். வாயால் சொல்லிக் கொடுத்த குழந்தைகள் அதை அழகாக ஒப்பித்தார்கள். சுடாதபடி செயலிழக்கச் செய்த உண்மைத் துப்பாக்கியைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டுத் தனியே விட்டபோது, ஒப்பித்த பிள்ளைகளே அதை எடுத்து விளையாடினார்கள். செய்து பழகிய பிள்ளைகள் தேறினார்கள். அவர்களிலும் சிலருக்கு அந்த இடத்திலேயே இன்னொரு முறை திருத்திக் காட்ட வேண்டியிருந்தது.

‘அது குழந்தைகள், எங்களிடம் வருபவர்கள் பதினெட்டு வயது’ என்று சொல்லலாம். ஜெஃப்ரி ஃபிஷர், வில்லியம் ஃபிஷர் என்ற இருவர் 1992-ல் எய்ட்ஸ் தடுப்புக்காக ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தகவல், உந்துதல், நடத்தைத் திறன் மூன்றும் சேர்ந்தால்தான் பழக்கம் மாறும் என்பது அதன் சாரம். 1996-ல் கல்லூரி மாணவர்களிடமே அதைச் செய்துபார்த்து, பலன் இருந்ததாக வெளியிட்டார்கள். நம் எய்ட்ஸ் நாள் விழாவில் முதலாவது தாராளமாக இருக்கிறது. இரண்டாவது விருந்தினரின் பேச்சு வன்மையைப் பொறுத்தது. மூன்றாவது மருந்துக்கும் இல்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் இருக்கும் இடமே ஒரு சிக்கல். மது வாங்கத் தமிழ்நாட்டில் 21 வயது நிரம்ப வேண்டும்; புதுச்சேரியில் 18 போதும். கடலூரில் ஆல்பேட்டை பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டி, புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைக்குள் நுழைந்துவிட்டால் விலையும் வேறு, வயது வரம்பும் வேறு. கடலூர் மாணவன் அங்கே போகும்போது பஸ்ஸில் போகிறான், திரும்பும்போது யாரோ ஒருவனுடைய பைக்கில் மூன்றாவது ஆளாக வருகிறான். புதுச்சேரி மாணவனுக்கோ கன்னியக்கோயில் வரைக்கும் வருவதற்குக் காரணமே தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் முதல் முறை பிடிபட்டவருக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மாணவர்களுக்கு இது தெரியும். செக்போஸ்ட் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குக் கெடுபிடி குறையும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

அவர்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் திறன் எது? வண்டி ஓட்டுவது அல்ல, வண்டியில் ஏறாமல் இருப்பது.

ஒரு கல்லூரியின் வண்டி நிறுத்துமிடத்தில் நடந்த ஒத்திகையைச் சொல்கிறேன். இரண்டாமாண்டு மாணவன், குடிக்காதவன். குடித்திருக்கும் நண்பனின் வண்டியில் ஏறாமல் தப்பிப்பதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. நண்பனாக நடிக்க அவன் வகுப்புத் தோழனையே நிறுத்தினோம். நிஜமான பல்சர், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நேரமாகிறது என்று நச்சரிக்கப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

“ஏறு மச்சி.”

“இல்லடா... நீ கொஞ்சம் சாப்ட்ருக்கல்ல...”

“ரெண்டு பீருக்கு இன்னா ஆவப் போவுது? நான் ஸ்டெடிடா. உங்க அம்மா வேற போன் மேல போன் போடறாங்க. ஏறு, ஏறு.”

பையன் சிரித்தான். தலையைச் சொறிந்தான். ஏறி உட்கார்ந்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். கலையரங்கில் வினாடி வினா வைத்திருந்தால் முதல் பரிசு அவனுக்குத்தான் போயிருக்கும்.

திருத்தம் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சரியாகச் செய்ததைச் சொல்ல வேண்டும், அதுவும் குறிப்பாக. “ரெண்டடி தள்ளி நின்னு ஆரம்பிச்ச பாரு, அது நல்லா இருந்துச்சு. ஆனா அவன் குடிச்சிருக்கானா இல்லையான்னு வாதாடப் போயிட்ட. அந்த வாதத்துல எப்பவும் குடிச்சவன்தான் ஜெயிப்பான். அவனைப் பத்திப் பேசாத. நீ என்ன செய்யப் போறேன்னு மட்டும் சொல்லு.” பிறகு நானே செய்து காட்டினேன். வண்டியிலிருந்து ஓரடி பின்வாங்கி, “நான் பஸ்ல வரேன் மச்சி. நீயும் வா, டிக்கெட் நான் எடுக்கறேன்.” அவன் என்ன சொன்னாலும் பதில் இதே வாக்கியம்தான். புதுக் காரணம் எதுவும் சேர்க்கக் கூடாது. காரணம் சொல்லச் சொல்ல, அதை மறுக்க அவனுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

இரண்டாம் முறை வாக்கியம் சரியாக வந்தது. ஆனால் கை வண்டி சீட்டின் மேலேயே இருந்தது. மூன்றாம் முறை கையையும் எடுத்தான். அப்போது நண்பனாக நடித்தவன், நாங்கள் சொல்லிக் கொடுக்காத ஒரு வரியை எடுத்துவிட்டான்: “அப்ப ஃப்ரெண்ட்ஷிப் அவ்ளோதானா?” பையன் அப்படியே நின்றுவிட்டான். சுற்றி இருந்த கூட்டமும் சட்டென்று அடங்கிவிட்டது. எல்லாருக்கும் வீட்டுப் பக்கம் கேட்ட வரி அது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒருவன் எடுத்துக் கொடுத்தான்: “அதுக்காகத்தான்டா சொல்றேன், எறங்கு.” அதைச் சேர்த்துக்கொண்டு இன்னும் இரண்டு முறை செய்தான். கடைசி முறை அவன் குரலே வேறாக இருந்தது. சத்தம் கூடவில்லை. இழுவை போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்த வரி எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்காது. சிறப்பு விருந்தினருக்கும் தெரியாது. மாணவர்களிடம் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, ‘உன்னைச் சம்மதிக்க வைக்க உன் நண்பர்கள் சொல்லும் வாக்கியம் எது’ என்று பெயர் போடாமல் எழுதச் சொன்னால் பை நிறையக் கிடைக்கும். “ஒரு கட்டிங்தான்”, “உங்க அப்பாக்கு எப்புட்றா தெரியும்”, “சீன் போடாத”. பாடத்திட்டமே அதிலிருந்துதான் வர வேண்டும்.

பயிற்சியோடு ஒரு சின்ன வீட்டுப்பாடமும் கொடுப்பேன். புதுச்சேரியிலிருந்து உன் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அதைத் தவறவிட்டால் ஆட்டோவுக்கு எவ்வளவு? இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் திட்டாமல் வந்து ஏற்றிக்கொள்ளும் ஆள் யார்? பஸ்ஸில் வரேன் என்று சொல்பவனுக்குப் பஸ் இருக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? இந்த மூன்றாம் கேள்வியில்தான் பல பிள்ளைகள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவைச் சொல்ல முடிவதில்லை. சித்தப்பாவையோ பக்கத்துத் தெரு அண்ணனையோ யோசித்துக் கண்டுபிடிக்கவே நேரம் ஆகிறது.

காப்பி குடித்தால் தெளியும், எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் இறங்கும் என்ற நம்பிக்கைகளுக்கு ஒரே ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும். 100 மில்லி ரத்தத்தில் உள்ள மதுவைக் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லிகிராம் அளவுதான் குறைக்கும், அதை எதுவும் அவசரப்படுத்தாது.

அடுத்தது, விடுதிக் காப்பாளர்கள் நேரே கேட்க வேண்டிய விஷயம். அளவு மீறிக் குடித்து ஒருவன் மயங்கிவிட்டால் அறை நண்பர்கள் என்ன செய்கிறார்கள்? மல்லாக்கப் படுக்க வைத்து, மின்விசிறியைப் போட்டு, கதவைச் சாத்திவிடுகிறார்கள். ‘தூங்கினால் சரியாகிவிடும்.’ மல்லாந்து கிடப்பவன் வாந்தியெடுத்தால் அது மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மேல் முழங்காலை மடக்கி முன்னால் ஊன்றி, கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, வாய் தரையைப் பார்க்கும்படி திருப்ப வேண்டும். தட்டி எழுப்பினால் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு முறைகூட மூச்சு வரவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் 108. ஒருவரையும் தனியே விட்டுப் போகக் கூடாது. எழுதினால் ஒரு பத்தி. எழுபது கிலோ எடையுள்ள, ஒத்துழைக்காத உடம்பைப் புரட்டிப் பார்த்தால்தான் எந்தத் தோளைப் பிடிப்பது என்பது பிடிபடும். பாயை விரித்து மாணவர்களையே படுக்க வைத்துச் செய்யுங்கள். சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

ஆனால் 108-ஐக் கூப்பிட்டவனை மறுநாள் நீங்கள் சஸ்பெண்ட் செய்தால் இந்தப் பயிற்சி முழுவதும் வீண். பெற்றோரை அழைத்துவா, விடுதியைக் காலி செய் என்ற பயம்தான் அந்தக் கதவைச் சாத்த வைக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல் ஒரு விதி கொண்டுவந்தது: மதுவால் ஆபத்தில் இருப்பவருக்காக உதவி கேட்டு அழைத்தால், அழைத்தவர் மீதும் ஆபத்தில் இருந்தவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது, ஆலோசனை மட்டும் உண்டு. அதன் பிறகு உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடின. சாலை விபத்தில் உதவுபவருக்கு நம் நாட்டிலேயே மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறதே, விடுதி மாடியில் உதவுபவனுக்கு உங்கள் கையேட்டில் ஒரு வரி பாதுகாப்புத் தரக் கூடாதா? இந்த ஒரு வரியை எழுதக் காசு செலவில்லை. மனம்தான் வேண்டும்.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை, சுண்ணாம்பாறு முகத்துவாரத்துப் பாரடைஸ் பீச், வீராம்பட்டினம், காலாப்பட்டு. பிறந்தநாள் என்றாலும் கடைசித் தேர்வு என்றாலும் நம் பிள்ளைகள் போய் நிற்பது இங்கேதான். வெளியூரிலிருந்து வந்து விடுதியில் இருப்பவனுக்குக் கடல் புதுசு. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் பார்வைக்கு அலை குறைவாக, அமைதியாகத் தெரியும், அங்கேதான் இறங்குவான். இழுத்துக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைப்பான். நீரோட்டத்தோடு சண்டை போடாமல் மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து அதிலிருந்து வெளியே வர வேண்டும். இதைவிட முக்கியம் கரையில் நிற்பவர்களின் திறன். ஒருவன் தத்தளித்தால் இன்னொருவன் குதிக்கிறான், அவனைப் பிடிக்க மூன்றாமவன். ஒரே குடும்பத்து, ஒரே வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து போவது இப்படித்தான்.

தேவனாம்பட்டினத்து மீனவ இளைஞர்கள் இருவரைக் கூட்டிவந்து மணலில் ஒரு ஒத்திகை வைத்தோம். வாய் மூடிய இருபது லிட்டர் வெற்றுத் தண்ணீர் கேன், அதன் கழுத்தில் கட்டிய கயிறு. அதை எறிய வேண்டும். மாணவர்கள் எறிந்த கேன் காற்றில் திரும்பி வந்து காலடியிலேயே விழுந்தது. ஒரு கை நீரை உள்ளே விட்டு மூடினால் கனம் சேர்ந்து நேரே போகும் என்று அந்த இளைஞர்களில் ஒருவர் காட்டினார். கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு எறிய வேண்டும் என்றார். அதுவரை எறிந்தவர்களில் பாதிப் பேர் கயிற்றையும் சேர்த்தே கடலில் போட்டிருந்தார்கள். எனக்கும் இதெல்லாம் புதுப் பாடம்தான். சுற்றுலா போகும் ஒவ்வொரு வகுப்பும் பஸ்ஸில் ஒரு கேனும் கயிறும் எடுத்துப் போகலாம்.

ராகிங் பற்றி இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைப்படி இன்று ஒவ்வொரு மாணவரும் பெற்றோரும் உறுதிப் பத்திரம் கொடுக்கிறார்கள். அதுவும் கையெழுத்துதான். பழக்க வேண்டியது மூன்றாவது ஆளை. சீனியரும் ஜூனியரும் நிற்கும் அறை வாசலைக் கடந்து போகிறானே, அவன் உள்ளே தலையை நீட்டி “அண்ணா, இவனை வார்டன் கூப்புட்றாரு” என்று சொல்லி ஜூனியரைக் கையோடு கூட்டிப் போகப் பழகியிருந்தால், பெரிய வீரமெல்லாம் தேவையில்லை. 1800-180-5522 என்ற ராகிங் எதிர்ப்பு உதவி எண்ணை ஒவ்வொருவரும் ஒரு முறை செல்பேசியில் பதிந்து வைக்கும்படி அங்கேயே செய்ய வையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒத்திகைகள் வேறு. தெரிந்தவன் “நான் இறக்கி விடறேன்” என்பதும், காதலன் படம் கேட்பதும், கொடுத்த படத்தை வைத்து மிரட்டுவதும்தான் அவர்கள் துண்டுச்சீட்டில் எழுதித் தருபவை. அதைப் பெண் ஆசிரியரோ ஆலோசகரோ தனியே நடத்த வேண்டும். மிரட்டல் வந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைப்பதுவரை செய்து பழக வேண்டும். இங்கே ஒரு வேண்டுகோள்: வந்து சொல்லும் பெண்ணிடம் ‘ஏன் கொடுத்தாய்’ என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. ஆசிரியர்களுக்கும் ஒத்திகை வேண்டும் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எதிர்ப்பு வரும் என்பது தெரியும். ‘இதையெல்லாம் நடித்துக் காட்டினால் குடிக்கக் கல்லூரியே அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா? எங்கள் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லை’ என்று பெற்றோர் சங்கத்தில் ஒருவர் எழுந்து நிற்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: பின் சீட்டில் ஏறுபவர்களில் பலர் குடிக்காத பிள்ளைகள்தான். பயிற்சி அவர்களுக்காகத்தான். இன்னொன்று, எல்லாரும் குடிக்கிறார்கள் என்று மாணவர்கள் நினைப்பது பெரும்பாலும் மிகை. பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-லேயே இதை ஒரு அமெரிக்கக் கல்லூரியில் காட்டினார்கள். சக மாணவர்கள் உண்மையில் ஏற்பதைவிட அதிகக் குடியை ஏற்பவர்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகையில் “நான் ஏறல” என்று சொல்ல வரிசையாக முப்பது பேர் எழுந்து வரும்போது, நாம் தனியாள் இல்லை என்பது பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே தெரிந்துவிடுகிறது.

இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். நொறுங்கிய வண்டியையும் சிதைந்த முகங்களையும் காட்டிப் பயமுறுத்தும் கண்காட்சி வேண்டாம். 1970-களில் அமெரிக்காவில் வழிதவறும் சிறுவர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டித் திருத்தப் பார்த்தார்கள். ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, மிரட்டப்பட்டவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். அடுத்து, தவறான திறனைப் பழக்கிவிடாதீர்கள். நார்வேயில் வழுக்கும் சாலையில் வண்டியைக் கட்டுப்படுத்தக் கட்டாயப் பயிற்சி கொடுத்தார்கள். இளம் ஆண் ஓட்டுநர்களிடம் அந்தச் சாலைகளில் விபத்து கூடியது. நமக்குத்தான் தெரியுமே என்ற தெம்பு வேகத்தைக் கூட்டிவிட்டது. பைக் கம்பெனியை அழைத்துச் சாகச ஓட்டம் காட்டும் ‘பாதுகாப்பு விழா’க்களை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். விலகும் திறன், மறுக்கும் திறன், உதவி கேட்கும் திறன் ஆகியவற்றைப் பழக்குங்கள்.

ஆள் எங்கே, நேரம் எங்கே என்பீர்கள். நாற்பது பேர் வகுப்பை நான்கு நான்கு பேராகப் பிரித்தால் போதும். ஒருவர் செய்ய, இருவர் வற்புறுத்த, நான்காமவர் ஐந்து வரித் தாளில் குறிக்க: பின்வாங்கினானா, வாக்கியத்தை மாற்றாமல் சொன்னானா, வாதத்துக்குள் போனானா, மாற்று வழி சொன்னானா, கடைசிவரை நின்றானா. பிறகு இடம் மாறிக்கொள்ள வேண்டும். நடத்துவதற்கு மூன்றாமாண்டு மாணவர்களையே பழக்கிவிடலாம். ஜூனியர்கள் என் பேச்சைக் கேட்பதைவிட அவர்கள் பேச்சைக் கேட்பார்கள். ஒரு முறை செய்ததோடு விட்டால் மங்கிவிடும், மாதம் ஒரு முறை அரை மணி நேரம் புதுப்பிக்க வேண்டும். குடி ஏற்கெனவே நோயாகிவிட்ட மாணவனுக்கு இது மருந்தாகாது. அவனை மருத்துவரிடம் அனுப்புங்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுங்கள்.

பலன் தெரிய வேண்டுமென்றால் வினாத்தாள் கொடுக்காதீர்கள், வாசலில் நில்லுங்கள். பயிற்சிக்கு முந்தைய வாரம் ஒரு மாலை, நாலு மணிக்கு, கல்லூரி விடும் நேரத்தில் வெளியேறும் வண்டிகளை எண்ணுங்கள். தலையில் ஹெல்மெட் எத்தனை, அதில் தாடைக்குக் கீழே பட்டை பூட்டியது எத்தனை, பின்னால் இருப்பவர் தலையில் எத்தனை. பட்டை பூட்டாத ஹெல்மெட் விழும்போது ஆளுக்கு முன்னால் போய்விடும். முறையாக அணிந்த ஹெல்மெட் இருசக்கர வண்டி ஓட்டுபவரின் மரண ஆபத்தை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாக உலக ஆய்வுகளைத் தொகுத்த அறிக்கை 2008-ல் சொன்னது. பயிற்சி முடிந்த வாரம் மறுபடி எண்ணுங்கள், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. மூன்று எண்களையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எண் ஏறவில்லை என்றால் பயிற்சியை மாற்ற வேண்டும், மாணவர்களைத் திட்டக் கூடாது. எந்த மாணவனுடைய பெயரையும் வண்டி எண்ணையும் குறிக்காதீர்கள். குறித்தால் அடுத்த வாரமே பின்வாசல் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆக, முதலாமாண்டு வரவேற்பு வாரத்தில் இரண்டு மணி நேரம், விடுதிக் கையேட்டில் உதவிக்கு அழைப்பவருக்குத் தண்டனை இல்லை என்ற ஒரு வரி, வாசலில் மூன்று மாலைகள். மூன்றும் உங்கள் கையெழுத்தில் நடக்கக் கூடியவை, இயக்குநரகத்தின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகளில் எது கூப்பிட்டாலும் நான் வரத் தயார். கட்டணமும் சால்வையும் வேண்டாம். கலையரங்கம் தேவையில்லை, வண்டி நிறுத்துமிடம் போதும். ஒரு பைக், நாலு பழைய ஹெல்மெட், இரண்டு பாய், ஒரு தண்ணீர் கேன், பதினைந்து மீட்டர் கயிறு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் துண்டுச்சீட்டில் எழுதித் தரும் வாக்கியங்களை முந்தின நாளே வாங்கி வைத்துவிட்டால் எனக்கு வசதி.

இப்படிக்கு,
இரு பக்கமும் வந்து போகும் ஓர் உளவியல் ஆலோசகர்,
கடலூர்.